ஒன்றரை ஷிப்டும் ஒரு மணி நேரமும்: திருப்பூர் வேலையின்மையும் அதை அளந்த முறைகளும்

ஆர்டர் குறைந்தால் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் முதலில் குறைவது ஷிப்ட். 8 மணி நேரம் ஒரு ஷிப்ட். ஏற்றுமதி நெருக்கும் மாதங்களில் 12 மணி நேரம், அதாவது ஒன்றரை ஷிப்ட் ஓடும். ஆர்டர் சரியும்போது ஒன்றரை ஒன்றாகி, பிறகு அரையாகும். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்குச் சனிக்கிழமைச் சம்பளத்தில் இது தெரிந்துவிடும். அரசின் புள்ளிவிவரத்தில் தெரிந்ததா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

வேலை தேடுவோரைப் பதிவுசெய்யும் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் 1945-இல், போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்காகத் தொடங்கப்பட்டவை. காலியிடங்களைக் கட்டாயம் அறிவிக்கச் சொல்லும் 1959-ஆம் ஆண்டுச் சட்டம், தனியார் துறையில் 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களையும் மூன்று மாதத்துக்கு உட்பட்ட வேலைகளையும் விட்டுவிட்டது. ஜாப் ஒர்க் யூனிட்களும் பவர் டேபிள் காண்ட்ராக்ட்களும் நிறைந்த ஊரில் இந்த விலக்கு சிறியதன்று. இங்கே ஆள் எடுப்பது வாசலில் தொங்கும் ‘டெய்லர் தேவை’ பலகை வழியாக. பதிவேட்டின் எண்ணிக்கையை இந்த ஊரின் வேலையின்மையாகக் கொள்வது தவறு.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் ஒரே கோலால் அளக்கவில்லை. 1961-இல், நிரந்தர வேலையில் இருப்போருக்கு, முந்தைய 15 நாட்களுக்குள் வேலை செய்திருந்தால் போதும், தொழிலாளர் என்று எண்ணினார்கள். 1971-இல் முக்கியச் செயல்பாடு எது என்று கேட்டார்கள். 1981 முதல் ஆண்டில் 183 நாள் என்பது எல்லைக்கோடு. அதற்குக் குறைந்தவர் ‘குறுகிய காலத் தொழிலாளர்’. கோலே மாறியதால் இந்தக் கணக்கெடுப்புகளை அப்படியே ஒப்பிட்டு ஏற்ற இறக்கம் பேச முடியாது.

உண்மையான திருப்பம், வேலையின்மை மதிப்பீடுகளை ஆராய்ந்த தந்த்வாலா குழுவின் 1970 அறிக்கை. விவசாயியும் நெசவாளியும் கூலியும் கலந்த நாட்டில் வேலையின்மையை ஒற்றை எண்ணில் அடக்கக் கூடாது என்றது அக்குழு. தேசிய மாதிரி ஆய்வின் 27-ஆம் சுற்று (1972-73) இதைச் செயலாக்கியது. ஆண்டு முழுவதையும் பார்ப்பது வழக்கமான நிலை. கடந்த ஏழு நாளைப் பார்ப்பது வார நிலை. அந்த ஏழு நாளையும் அரை அரை நாளாகப் பிரித்துப் பார்ப்பது நாள் நிலை. வார நிலையில், ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்தவரும் ‘வேலையில் உள்ளவர்’. நாள் நிலை மட்டுமே, வாரத்தில் மூன்று நாள் சும்மா இருந்தவரின் அந்த மூன்று நாளை எண்ணியது.

எவ்வளவு வேறுபாடு? 2011-12-இல் நாட்டின் வேலையின்மை வழக்கமான நிலையில் 2.2 சதவீதம், வார நிலையில் 3.7, நாள் நிலையில் 5.6. ஒரே ஆய்வு, ஒரே மக்கள்.

திருப்பூருக்கு அந்த ஆண்டு சாதாரண ஆண்டல்ல. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயம் நின்றால் கட்டிங் முதல் பேக்கிங் வரை தடுமாறும். ஆய்வுச் சுற்று தொடங்கியதோ ஜூலையில். இடையில் ஊர் திரும்பிவிட்ட வெளியூர்த் தொழிலாளி, கேள்வித்தாள் வந்தபோது திருப்பூரில் இல்லை. வேலை தேடிக்கொண்டிருந்தால் அவர் சொந்த ஊரின் கணக்கில் சேர்ந்திருப்பார். வயலில் இறங்கியிருந்தால் எந்தக் கணக்கிலும் வேலையற்றவர் ஆகமாட்டார். புலம்பெயர்ந்தோரால் இயங்கும் ஊரில் வேலையின்மை ரயிலேறிப் போய்விடுகிறது. உள்ளூர் விகிதத்தைப் படிப்பவர் மறக்கக் கூடாத உண்மை இது.

திருப்பூர் தனி மாவட்டமானது 2009-இல். அதற்கு முன் மாதிரி ஆய்வில் கோவை, ஈரோடு, சேலத்தோடு சேர்ந்து ‘உள்நாட்டு மண்டலம்’ என்ற பெரிய வட்டத்துக்குள் கரைந்திருந்தது. இன்றும் மாவட்டம் என்றால் தாராபுரம், உடுமலை விவசாயமும் சேர்ந்ததே. பனியன் தொழிலின் சரிவை அந்தச் சராசரி மென்மையாக்கிவிடும்.

2017 ஏப்ரலில் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் ஆய்வு, 2025 ஜனவரி முதல் மாதிரித் தேர்வில் மாவட்டத்தை அடிப்படை அலகாக்கியது. முதல் மாத அறிக்கை 2025 மே மாதம் வந்தது: ஏப்ரலில் நாட்டின் வேலையின்மை 5.1 சதவீதம். வரவேற்க வேண்டிய முன்னேற்றம் இது. ஆனால் மாத எண் வார நிலையில் அமைந்தது. நாள் நிலை பொதுப் பேச்சிலிருந்து ஒதுங்கிவிட்டது. இது பெரிய இழப்பு என்றே கருதுகிறேன். 2025 ஆகஸ்ட் 27-இல் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 சதவீதமாக்கியது. அதனால் ஒருவரின் வேலை ஒன்றரை ஷிப்டிலிருந்து அரை ஷிப்டாகச் சுருங்கியிருந்தாலும், மாத எண்ணில் அவர் வேலையில் உள்ளவர்தான்.

நாள் நிலையும் முழு மருந்தன்று. ஒரு நாளில் 4 மணி நேரம் உழைத்தாலே முழு நாளாக எண்ணும் விதி அதில் உண்டு. திருப்பூரின் அரை ஷிப்ட் சரியாக 4 மணி நேரம். காலமுறைத் தொழிலாளர் ஆய்வின் கேள்வித்தாளில் ஏழு நாளுக்கும் ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் வேலை, இன்னும் எத்தனை மணி நேரம் செய்ய முடியும் என்ற கேள்விகள் ஏற்கெனவே இருக்கின்றன. மாவட்ட எண் வெளிவரும்போது அதன் பக்கத்தில் இந்த மணிக்கணக்கையும் அச்சிட வேண்டும். ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருப்பவர் தன் வாரத்தை எண்ணுவது அந்தக் கணக்கில்தான்.