சந்தை ஆடும்போது தற்காப்புப் பங்குகள்: நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களிலும் மலாக்கா நகரிலும் 55 வயதை எட்டும் பலருக்கு, வாழ்நாளில் முதல் முறையாக ஒரு பெரிய தொகை கைக்கு வருகிறது. அது இபிஎஃப் பணம். வங்கியில் போடலாமா, மகனுக்கு வீட்டு முன்பணம் கொடுக்கலாமா, பங்கு வாங்கலாமா என்ற பேச்சு அப்போதுதான் வீட்டில் தொடங்கும்.

பங்குச் சந்தையோ நிலையாக இல்லை. 2024 இறுதியில் 1,640 புள்ளிகளைத் தாண்டியிருந்த கோலாலம்பூர் குறியீடு, அமெரிக்க வரி அறிவிப்புக்குப் பிறகு 2025 ஏப்ரலில் 1,450-க்கும் கீழே இறங்கியது. இப்படிப்பட்ட நேரங்களில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘தற்காப்புப் பங்குகள்’.

தற்காப்புப் பங்கு என்றால் என்ன?

பொருளாதாரம் நன்றாக இருந்தாலும் மோசமாக இருந்தாலும் மக்கள் நிறுத்த முடியாத செலவுகள் சில உண்டு. மின்சாரம், தண்ணீர், சமையல் பொருள், மருந்து ஆகியவை அந்த வகை. சம்பளம் குறைந்தால் புதுக் கார் வாங்குவதைத் தள்ளிப்போடுவோம். வீட்டு விளக்கை அணைத்துவிட்டு உட்கார மாட்டோம். இத்தகைய தேவைகளை விற்கும் நிறுவனங்களின் வருமானம் அதிகம் ஏறுவதுமில்லை, அதிகம் இறங்குவதுமில்லை. ஆண்டுதோறும் லாப ஈவும் ஓரளவு சீராக வரும். அவற்றின் பங்குகளே தற்காப்புப் பங்குகள்.

இதன் பயன் கணக்கில் தெரியும். 20,000 ரிங்கிட் பாதியாகக் குறைந்து 10,000 ஆனால், பழைய நிலைக்கு வர அது இரட்டிப்பாக வேண்டும். 20 விழுக்காடு மட்டும் குறைந்து 16,000 ஆனால், 25 விழுக்காடு ஏற்றம் போதும். குறைவாக இழப்பவர் விரைவில் மீள்கிறார். வயதானவருக்கு மீள்வதற்கான காலம் குறைவு என்பதால் இது முக்கியம்.

நம் நாட்டில் எவை?

மின்சாரத்துக்கு தெனாகா நேஷனல். உணவுக்கு மைலோ, மேகி தயாரிக்கும் நெஸ்லே மலேசியா. எரிவாயுவுக்கு பெட்ரோனாஸ் கேஸ். மலாக்கா சுங்கை ஊடாங்கில் 2013-இல் செயல்படத் தொடங்கிய திரவ எரிவாயு முனையம் அதனுடையதுதான். மருத்துவத்துக்கு ஐஎச்எச், ஆயர் குரோ பந்தாய் மருத்துவமனை அந்தக் குழுமத்தைச் சேர்ந்தது. இவை புரிந்துகொள்வதற்கான எடுத்துக்காட்டுகள். வாங்கச் சொல்லும் பரிந்துரை அல்ல.

தற்காப்பு என்றால் உத்தரவாதமா?

இல்லை. இதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 2018 தொடக்கத்தில் ஏறக்குறைய 15 ரிங்கிட்டுக்கு விற்ற தெனாகா பங்கு, 2022-இல் 8 ரிங்கிட் அளவுக்கு இறங்கியது. மின்கட்டணத்தை அரசாங்கம் ஒழுங்குபடுத்துவதால் வருமானம் சீராக இருக்கும். ஆனால் கொள்கை மாறுமோ என்ற அச்சமும் விலையில் தெரியும். பல ஆண்டுகள் 130 ரிங்கிட்டுக்கு மேல் விற்ற நெஸ்லே, 2024 இறுதியில் 100 ரிங்கிட்டுக்கும் கீழே வந்தது. நல்ல நிறுவனத்தையும் அளவுக்கு மீறிய விலையில் வாங்கினால் நட்டம்தான்.

நெருக்கடியில் ஏறுவதெல்லாம் தற்காப்புப் பங்கும் அல்ல. கோவிட் காலத்தில் கையுறைப் பங்குகளை ‘பாதுகாப்பு’ என்று நம்பி வாங்கியவர்கள் நம்மிடையே உண்டு. 2020-இல் 9 ரிங்கிட்டைத் தாண்டிய டாப் குளோவ், 2022-இல் 1 ரிங்கிட்டுக்கும் கீழே சரிந்தது. அது ஒரு பருவத்துத் தேவை. தொற்று தணிந்ததும் தேவையும் தணிந்தது.

மொத்தச் சந்தையும் சரியும்போது எந்தப் பங்கும் முழுமையாகத் தப்பாது. 1997 பிப்ரவரியில் 1,271 புள்ளிகளில் இருந்த குறியீடு, 1998 செப்டம்பர் 1-ஆம் தேதி 262-க்கு வந்தது. ஐந்தில் நான்கு பங்கு கரைந்தது. கடன் வாங்கிப் பங்கு வாங்கியவர்கள் தாழ்ந்த விலையிலேயே விற்க வேண்டியதாயிற்று. சொந்தப் பணத்தில் வாங்கியவர்களுக்குக் காத்திருக்க முடிந்தது.

மைக்கா தந்த பாடம்

நம் சமூகத்தில் ‘ஷேர்’ என்றதும் பெரியவர்கள் மைக்காவைத்தான் நினைப்பார்கள். 1982-இல் உருவான மைக்கா ஹோல்டிங்சில் சுமார் 66,000 இந்தியர்கள் பணம் போட்டார்கள். அவர்களில் தோட்டத் தொழிலாளர்கள் ஏராளம். அந்தப் பங்கு பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவே இல்லை. அவசரத்துக்கு விற்க நினைத்தவருக்குத் தினசரி விலையும் இல்லை, வாங்குபவரும் எளிதில் இல்லை. 2010-இல் தனியார் நிறுவனம் ஒன்று ஒரு பங்குக்கு 80 சென் தர முன்வந்தது. எப்போது வேண்டுமானாலும் விற்க முடிகிறதா என்று பார்ப்பதும் தற்காப்பின் ஒரு பகுதி என்பதே இதன் பாடம்.

பங்குக்கு முன் வரவேண்டியவை

முதலில், ஆறு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் இருக்கட்டும். வங்கி வைப்புத்தொகைக்கு ஒரு வங்கிக்கு 250,000 ரிங்கிட் வரை பிஐடிஎம் காப்பு உண்டு. பங்குகளுக்கு அந்தக் காப்பு இல்லை.

இரண்டாவது, இபிஎஃப். 55 வயதானதும் எல்லாவற்றையும் எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. விட்டுவைத்த பணத்துக்கு 100 வயது வரை லாப ஈவு கிடைக்கும். வழக்கமான சேமிப்புக்குச் சட்டப்படி குறைந்தது 2.5 விழுக்காடு உறுதி. கோவிட் ஆண்டான 2020-இல்கூட 5.20 விழுக்காடும், 2024-இல் 6.30 விழுக்காடும் கொடுக்கப்பட்டது. ஒரு பங்கு தரும் லாப ஈவை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 4 விழுக்காடு தரும் பங்குக்காக இபிஎஃப் பணத்தை எடுப்பது பலருக்குப் பொருந்தாது.

மூன்றாவது, 1 ரிங்கிட் நிலையான விலையில் உள்ள அமானா சஹாம் மலேசியா. 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய இதில் இந்தியர்களும் சேரலாம். ஒதுக்கீட்டில் யூனிட் காலியாக இருக்க வேண்டும்.

அதற்கு மேலும் பணம் இருந்தால் மட்டும் பங்கு

பங்கு வாங்க சிடிஎஸ் கணக்கும் உரிமம் பெற்ற தரகு நிறுவனக் கணக்கும் தேவை. வழக்கமாக ஒரு லாட் 100 பங்குகள். 90 ரிங்கிட் பங்கில் ஒரு லாட் வாங்க 9,000 ரிங்கிட் வேண்டும். தரகுக் கட்டணத்தையும் கவனியுங்கள்: 200 ரிங்கிட்டுக்கு வாங்கி 10 ரிங்கிட் கட்டணம் கட்டினால், தொடக்கத்திலேயே 5 விழுக்காடு போய்விடும். ஒரே பங்கில் எல்லாவற்றையும் போடாமல், சில துறைகளில் பிரித்து, சில மாதங்களாகச் சிறிது சிறிதாக வாங்குவது நல்லது.

‘மாதம் 10 விழுக்காடு உறுதி’ என்று வாட்ஸ்அப்பில் வரும் எதுவும் தற்காப்புப் பங்கு அல்ல. பணம் போடுமுன் பங்கு ஆணையத்தின் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலில் பெயரைத் தேடிப் பாருங்கள். ஏமாற்றப்பட்டுப் பணம் அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 997 எண்ணை அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.