பற்குழி அடைப்பும் நீல ஒளியும்

கண்டி மாநகருக்குத் தென்கிழக்கே உயர்ந்து நிற்கும் ஹேவாஹெட்ட மலைப்பகுதி, இலங்கைத் தேயிலை வரலாற்றிலே தலையாய இடம் பெற்றது. ஜேம்ஸ் டெய்லர் என்பார் 1867 ஆம் ஆண்டு 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் இங்கேயே உளது. இம்மலைகளில் நாட்கூலிக்கு உழைப்போர் பல்வைத்தியரை நாடிச் செல்வதெனின், ஒரு நாட் சம்பளத்தை இழந்து நெடுவழி செல்லல் வேண்டும். ஆதலின், அடைத்த பல் மீண்டும் பழுதுறாதிருத்தல் அவர்க்குச் சிறு காரியமன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலாகப் பற்குழிகளை அடைக்க இரசமும் வெள்ளியும் சேர்ந்த கலவையே பெரிதும் பயன்பட்டது. 1955 இல் அமெரிக்கரான மைக்கேல் பூனோகோர், பல்லின் எனாமலைப் பொஸ்போரிக்கமிலத்தால் அரித்தால் பிசின் அதனை இறுகப் பற்றும் எனக் காட்டினார். 1962 இல் ரபேல் போவன் ஆக்கிய பிசினுக்குக் காப்புரிமை கிட்டியது. அதனுடன் நுண்டுகள்கள் சேரவே, பல்லின் நிறமுடைய கொம்பொசிட் பிறந்தது. அதனை இறுக்குதற்கு முதலில் ஊதாக்கடந்த ஒளியும், 1970களின் பிற்பகுதி தொட்டு நீல ஒளியும் கையாளப்பட்டன.

ஆயின், இறுகும்போது கொம்பொசிட் நூற்றுக்கு 2 முதல் 5 வரை கன அளவிற் சுருங்கும். சுருங்குங்கால் அது குழியின் சுவரினின்றும் விலகின், அவ்விடுக்கிலே உமிழ்நீரும் பற்றீரியாவும் புகும், பல் கூசும், அடைப்பின் கீழேயே சொத்தை மீண்டும் தோன்றும். இதனைக் குறைத்தற்கே, ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள படைகளாக இட்டு ஒவ்வொன்றையும் தனித்தனி இறுக்கும் முறை எழுந்தது. முதலில் மென்மையான ஒளியும் பின்னர் வலிய ஒளியும் பாய்ச்சும் முறை 1990களில் ஆராயப்பட்டது. பிடுங்கிய பற்களைச் சாயத்தில் இட்டு நடத்திய சோதனைகள் சிலவற்றிற் கசிவு குறைந்தது. வேறு சிலவற்றில் வேறுபாடு காணப்படவில்லை. எம்முறையாயினும், ஒளி போதாதாயின் அடிப்படை இறுகாது. விளக்கின் நுனி விலகினும் சாயினும் அதன் வலிமை குன்றும்.

இலங்கையிற் பல்வைத்தியக் கல்வி 1943 இல் கொழும்பிலே தொடங்கி, 1950களிற் பேராதனைக்குப் பெயர்ந்தது. நெடுங்காலம் நாட்டின் பல்வைத்தியருட் பெரும்பாலோர் அங்கேயே பயின்றனர். 2013 இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை இரசக் கலவையின் பயனைக் குறைக்கும்படி வேண்டியதால், கொம்பொசிட்டின் பொறுப்பு மிகுந்துள்ளது. இன்றைய வலிய விளக்குகள் நேரத்தைச் சுருக்குமெனினும், அடைப்பின் காப்பு விளக்கில் மட்டும் தங்கியதன்று. அதனைப் பிடிக்கும் கையின் பொறுமையிலும் தங்கியுள்ளது. மலையிறங்கி வந்தவர் மறுமுறையும் அதே பல்லுக்காக வாராதிருத்தலே அப்பொறுமைக்குச் சான்றாம்.