கப்பபிளாங்காவை வென்ற ‘வேலைக்காரர்’

சதுரங்க வீரரின் வலிமையை இலக்கத்தால் அளக்கும் ஈலோ தரப்படுத்தலை உலக சதுரங்கச் சம்மேளனம் 1970 இல்தான் ஏற்றுக்கொண்டது. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் இலக்கங்கள் இருக்கவில்லை. ஆனாலும், எதிரெதிரே அமர்ந்தவர்களுள் பெரியவர் யாரென்பதில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை.

1930 டிசெம்பர் இறுதியில் தொடங்கிய ஹேஸ்ரிங்ஸ் சுற்றுப்போட்டியில் அப்படியொரு ஆட்டம் நடந்தது. ஒருபுறம் கியூபாவின் கப்பபிளாங்கா. 1921 முதல் 1927 வரை உலக சம்பியனாக இருந்தவர். மறுபுறம் பஞ்சாபின் மீர் சுல்தான் கான். இவர் கற்றது இந்திய முறைச் சதுரங்கம். அதில் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டம் மட்டுமே செல்லும். 1929 இல் இலண்டன் வந்து, அவ்வாண்டே பிரித்தானிய சம்பியனானார்.

வெள்ளைக் காய்கள் சுல்தான் கானுக்கு. இருபதாம் நகர்வுக்குச் சற்றுப் பின்னர் கப்பபிளாங்கா தமது இரு கோட்டைகளையும் கொடுத்து இராணியை எடுத்தார். இராணி கைக்கு வந்தால் ஆட்டமும் கைக்கு வந்ததென்றே நம்மில் பலர் எண்ணுவோம். இங்கு நடந்தது வேறு. சுல்தான் கான் அவசரப்படவில்லை. கோட்டைகளைக் கொண்டு மெல்ல மெல்ல நெருக்கினார். 65 ஆவது நகர்வோடு வெற்றி அவருடையதாயிற்று. அச்சுற்றுப்போட்டியில் ஏர்வே முதலிடமும் கப்பபிளாங்கா இரண்டாமிடமும் சுல்தான் கான் மூன்றாமிடமும் பெற்றனர்.

அவர் சேர் உமர் ஹயாத் கான் என்ற பிரபுவின் பரிவாரத்தில் இலண்டன் சென்றவர். அதனால் ‘எழுத்தறிவற்ற வேலைக்காரர்’ என்றே உலகம் எழுதிற்று. ஆண்டுகளுக்கு முன்னர் நானும் ஒரு பத்தியில் அவ்வாறே எழுதினேன். தலைப்புக்கு அது எடுப்பாக இருந்தது. அவரது சந்ததியினர் இவ்விவரணையை அண்மைய ஆண்டுகளில் மறுத்துள்ளனர். எவரோ எழுதியதைச் சரிபாராமல் திருப்பி எழுதியது என் பிழையே.

1932, 1933 ஆம் ஆண்டுகளிலும் பிரித்தானியப் பட்டத்தை வென்றபின் அவர் நாடு திரும்பினார். ஐரோப்பியப் போட்டிகளில் பின்னர் அவரைக் காணவில்லை. 1950 இல் சம்மேளனம் முதன்முறையாகக் கிராண்ட் மாஸ்ரர் பட்டம் வழங்கியது. பல்லாண்டுகளாக ஆடாதிருந்த ரூபின்ஸ்டைனும் அப்பட்டியலில் இடம்பெற்றார். சுல்தான் கானின் பெயர் இருக்கவில்லை. அப்போது அவர் பாகிஸ்தானில் உயிரோடிருந்தார்.

2024 பெப்ரவரியில் அவருக்குக் கௌரவ கிராண்ட் மாஸ்ரர் பட்டம் அளிக்கப்பட்டது. சர்கோதாவில் அவர் மறைந்தது 1966 இல்.