கோழிக்கூடும் மேய்ச்சல் அடைப்பும்

வீட்டுக் கோழிகள் இரவில் அடையும் இடம் கோழிக்கூடு. பகலில் அவை கிளறி மேயும் வேலியிட்ட நிலம் மேய்ச்சல் அடைப்பு. புழக்கடையில் முதன்முறையாகக் கோழி வளர்ப்போர், குஞ்சு வாங்கும் முன்பே இவ்விரண்டையும் அமைத்துவிட வேண்டும்.

வீட்டுக் கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி. தென்கிழக்காசியாவையும் அதை ஒட்டிய நிலங்களையும் சேர்ந்தது அது. தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழியும் பின்னர் இம்மரபில் கலந்தது. மஞ்சள் தோலுக்கான மரபணு அதன் கொடை. சங்ககாலச் சோழரின் உறையூருக்குக் கோழி என்றே பெயருண்டு. சேவலொன்று யானையைப் பொருது வென்ற இடம் என்பது அதற்கான கதை. குறுந்தொகை 139ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார், மாலைப்பொழுதில் வேலியோரம் வெருகு எனும் காட்டுப்பூனைக் கூட்டத்தைக் கண்டு அஞ்சிக் குஞ்சுகளை அழைக்கும் வீட்டுப் பெட்டையைக் காட்டுகிறார். கோழி அடையும் வேளையையும் அதன் பகையையும் இத்தனை கூர்ந்து கண்ட பாடல் அரிது.

தமிழ்நாட்டில் பழைய அமைப்புகளுள் முதன்மையானது பஞ்சாரம். மூங்கில் பிளாச்சால் குவிமாடமாக முடைந்து, குஞ்சுக்கோழியின் மேல் கவிழ்த்து, நாய் புரட்டிவிடாதபடி உச்சியில் கல் வைப்பார்கள். பருந்துக்கு இது போதும், இரவுக்குப் போதாது. அதற்குத் திண்ணைக்கு அடியில் மாடம் போல் கட்டிப் பலகைக் கதவிட்ட கூடு இருந்தது. சுவர் உறுதியானதுதான், ஆனால் காற்று புகாது. செள்ளும் உண்ணியும் பெருகும்.

புதிதாகத் தொடங்குவோருக்கு சிறுவிடை என்னும் நாட்டுக்கோழி வகையில் ஐந்து பெட்டையும் ஒரு சேவலும் ஏற்ற அளவு. முட்டைக்கு மட்டுமென்றால் சேவல் தேவையில்லை. கோழிக்கு 2 சதுர அடி வீதம் 4 அடிக்கு 3 அடிக் கூடும், 10 சதுர அடி வீதம் 10 அடிக்கு 6 அடி அடைப்பும் வேண்டும். கூட்டின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே அதிகம் விழாது. தரை 2 அடி உயர்ந்திருக்கட்டும். கூரைக்குத் தகரத்தைவிட ஓலை குளிர்ச்சி. கூரையை ஒட்டிக் காற்றுவழி விடாவிட்டால் எச்சத்தின் அம்மோனியா நெடியால் கோழிக்குச் சளி பிடிக்கும்.

உட்காரும் கட்டை முட்டைப்பெட்டியைவிட உயரமாக இருக்க வேண்டும். கோழி எப்போதும் உயரமான இடம் தேடியே அடையும். பெட்டி உயர்ந்திருந்தால் அதிலேயே உறங்கி எச்சமிடும், முட்டை அழுக்காகும். ஓரடிச் சதுரப் பெட்டி இரண்டு, ஐந்து பெட்டைக்கும் தாராளம். தரையில் உமியையோ தேங்காய் நார்க்கழிவையோ 2 அங்குலம் பரப்பி, கட்டி தட்டாமல் கிளறிவிட வேண்டும்.

செலவைக் குறைக்கக் கூடாத இடம் கம்பிவலை. அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய வலை கோழியை உள்ளே நிறுத்தும். நாயையோ மரநாயையோ வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பிவலையான வெல்டு மெஷ்ஷே தகும். அடைப்பைச் சுற்றி அதை ஓரடி ஆழம் மண்ணில் புதைத்தால் கீரியும் பெருச்சாளியும் தோண்டி நுழைவது கடினம். கதவின் அடியில் விடும் இரண்டு விரல் இடைவெளி பாம்புக்கு வாசல். கோழியை ஊர்மேயவிடும் வழக்கத்தைவிட அடைப்பே நல்லது: பயிர் அழியாது, அண்டைவீட்டுச் சண்டை வராது, நோயும் குறைவு.

இன்று நகரங்களில் மாடியிலும் வளர்க்கிறார்கள். உள்ளாட்சி விதிகள் ஊருக்கு ஊர் மாறும். எங்கு வளர்த்தாலும், எத்தனை நல்ல கூடும் வெள்ளைக்கழிச்சல் நோயைத் தடுக்காது. அதற்கான தடுப்பு மருந்தை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட வேண்டும்.