வண்டிக்குப் பக்கத்தில் ஓடும் நாய்: கருணையின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1

'உடற்பயிற்சி' என்பது அவ்வளவு வெள்ளந்தியான சொல் இல்லை. நாள் முழுக்க மூட்டை தூக்கியவனை யாரும் உடற்பயிற்சி செய்யச் சொல்வதில்லை. வேலை போய்விட்டது, வேலைக்கென்று உருவான உடம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது என்கிற நிலையில்தான் அந்தச் சொல் வருகிறது. நாய்க்கும் இதே கதைதான்.

ஐரோப்பிய நகரங்களில் சைக்கிளில் போகிறவரின் பக்கத்தில் நாய் ஓடிக்கொண்டிருப்பது சாதாரணக் காட்சி. பின்சக்கரத்தின் அருகே ஸ்பிரிங் வைத்த கம்பி ஒன்றைப் பூட்டி, அதில் நாயை இணைத்துவிடுகிறார்கள். நாய் இழுத்தாலும் வண்டி சாயாது. காலில் சக்கரம் மாட்டிக்கொண்டு நாயோடு போகிறவர்களும், குதிரை மேல் போகிறவர்களும் உண்டு. ஜெர்மனியின் சாலைப் போக்குவரத்து விதிகளில் 28ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. மோட்டார் வண்டியில் போய்க்கொண்டு எந்த விலங்கையும் நடத்திச் செல்லக் கூடாது. சைக்கிளில் போய்க்கொண்டு நாயை மட்டும் நடத்திச் செல்லலாம். ஆக, ஒருவர் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்க இன்னொரு உயிர் பக்கத்தில் ஓடிவருவது எதுவரைக்கும் சரி, எதற்குமேல் கொடுமை என்பதைச் சட்டம் ஒரு கோடு போட்டுச் சொல்கிறது. இந்தக் கோடு எங்கிருந்து வந்தது, யார் போட்டது, யாருடைய வண்டியை அது நிறுத்தியது என்பதுதான் இங்கே கேள்வி.

2

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிரபுக்களின் சாரட்டுக்கு முன்னால் மனிதர்கள் ஓடினார்கள். கையில் நீண்ட கோல், உடம்பில் எஜமானனின் சீருடை. சாலை மோசமாக இருந்த காலத்தில் வழிபார்க்கவும், பள்ளத்தில் சிக்கிய வண்டியைத் தூக்கவும், விடுதிக்கு முன்கூட்டிப் போய்ச் சொல்லவும் இவர்கள் தேவைப்பட்டார்கள். சாலைகள் சீரான பிறகு தேவை போனது. பகட்டு மட்டும் கொஞ்ச நாள் இருந்தது. 1810இல் இறந்த குவீன்ஸ்பெரி கோமகன்தான் இப்படி ஓடும் சேவகர்களைக் கடைசிவரை வைத்திருந்தவர் என்று சொல்வார்கள்.

மனிதன் விட்ட இடத்தில் நாய் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட டால்மேஷியன். தாமஸ் பியூயிக் 1790இல் வெளியிட்ட நாற்கால் விலங்குகள் பற்றிய நூலிலேயே இதற்கு 'கோச்சு நாய்' என்ற பெயர் பதிவாகியிருக்கிறது. குதிரைகளின் பக்கத்தில், அல்லது அச்சுக்குக் கீழே, இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் அது ஓடும். விடுதியில் நிறுத்தினால் குதிரைக்கும் சாமானுக்கும் காவல். வழியில் குறுக்கே வரும் தெருநாய்களை விரட்டும். ஆனால் எஜமானர்களுக்கு அதைவிட முக்கியம், பார்வைக்கு அது அழகாக இருந்தது என்பதுதான். வண்டியின் வர்ணத்துக்கும் குதிரையின் நிறத்துக்கும் பொருத்தமாக ஓடுகிற ஒரு அலங்காரம். சாதாரண ஜனங்கள் கிண்டலாக அதற்கு 'பிளம் புடிங் நாய்' என்று பெயர் வைத்தார்கள்.

அந்த ஓட்டம் ஒருநாளைக்கு எத்தனை மைல் என்பதை நாய் தீர்மானிப்பதில்லை. சாரட்டு போகும் தூரம்தான் நாய் ஓடும் தூரம். இதை அன்றைக்கு யாரும் பெரிதாகக் கொடுமை என்று சொல்லவில்லை. கொடுமை என்ற சொல் வேறொரு நாய்க்காகக் காத்திருந்தது.

3

அதே லண்டன் தெருக்களில் வேறு நாய்களும் ஓடிக்கொண்டிருந்தன. ரொட்டிக்காரர், கறிக்காரர், சாணை பிடிப்பவர், கந்தல் துணி வாங்கி விற்பவர் என்று குதிரை வாங்க வக்கில்லாத ஆட்கள் சின்ன வண்டியில் நாயைக் கட்டி ஓட்டினார்கள். சௌதாம்ப்டனிலிருந்து லண்டனுக்கு மீன்கூட நாய்வண்டியில் வந்தது. 1839இல் வந்த மாநகரப் போலீஸ் சட்டம் லண்டன் எல்லைக்குள் இதைத் தடை செய்தது. 1854இல் தடை நாடு முழுமைக்கும் விரிந்தது.

தடையை ஆதரித்தவர்கள் பொய் சொன்னார்கள் என்று சொல்ல முடியாது. நாய்களை அடித்தார்கள், தாங்காத பாரம் ஏற்றினார்கள், பாதம் கிழிந்து ரத்தம் வர ஓடவிட்டார்கள். இதெல்லாம் உண்மை. ஆனால் வாதம் இதோடு நிற்கவில்லை. அதிக உழைப்பால் நாய்க்கு வெறி பிடிக்கும், அது ஊருக்கே ஆபத்து என்றார்கள். நாய்வண்டியைப் பார்த்துக் குதிரைகள் மிரளுகின்றன என்றார்கள். யாருடைய குதிரைகள்? தடை வந்தால் சிறு வியாபாரிகளின் பிழைப்பு போகும், தீனி போட முடியாமல் நாய்களைக் கொன்றுவிடுவார்கள் என்று எதிர்த்தரப்பு சொன்னது. அது எடுபடவில்லை.

இப்போது இரண்டு நாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று வண்டியை இழுக்கிறது, இன்னொன்று வண்டிக்குக் கீழே ஓடுகிறது. ஒன்று ஏழையின் நாய், இன்னொன்று பணக்காரனின் நாய். ஒன்றின் ஓட்டத்தால் ஒரு குடும்பம் சாப்பிட்டது. இன்னொன்றின் ஓட்டத்தால் யாருக்கும் சாப்பாடு கிடைக்கவில்லை. சட்டம் முதலாவதைத் தடுத்தது, இரண்டாவதைத் தொடவில்லை. சாரட்டின் வேகத்தில் குதிரைக் குளம்புகளுக்கு இடையில் ஓடுவது நாய்க்கு ஆபத்தில்லையா என்று கேட்டிருந்தால் பிரபுக்கள் சபையில் சிரித்திருப்பார்கள்.

இது தனியான ஒரு விதிவிலக்கும் அல்ல. நாய்ச்சண்டையும் கரடியைக் கட்டிப்போட்டு நாய்களை ஏவும் விளையாட்டும் 1835இல் தடை செய்யப்பட்டன. அவை சேரிகளின் பொழுதுபோக்கு. குதிரைமேல் போய் நாய்ப்படையை வைத்து நரியைக் கிழிக்கும் நரி வேட்டைக்கு இங்கிலாந்தில் தடைச் சட்டம் 2004இல்தான் வந்தது, 2005இல்தான் நடைமுறைக்கு வந்தது. நடுவில் 170 வருஷம். கருணை கீழேயிருந்து மேலே ஏற இவ்வளவு காலம் பிடிக்கிறது.

4

லண்டனில் நாய்வண்டிக்குத் தடை வந்த அதே சமயத்தில் சென்னையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஜூலியா மெய்ட்லண்ட் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி 1836இலிருந்து 1839வரை இங்கிருந்து எழுதிய கடிதங்கள் 1843இல் புத்தகமாக வந்தன. வெள்ளையர் வீடுகளில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு ஆண், அதற்குப் புல் அறுக்க ஒரு பெண், ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பையன் என்று அவர் வேடிக்கையாகக் கணக்குச் சொல்கிறார். வடக்கே 'சாயிஸ்' என்று அழைக்கப்பட்டவரைச் சென்னை ராஜதானியில் வெள்ளையர்கள் 'ஹார்ஸ்கீப்பர்' என்றார்கள். நம் பேச்சில் குதிரைக்காரன். இந்த வேலைகளுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் தலித்துகள்.

குதிரைக்காரரின் வேலை லாயத்தோடு முடிவதில்லை. துரை குதிரையில் போனால் அவர் பக்கத்தில் ஓட வேண்டும். ஈ விரட்ட வேண்டும். துரை இறங்கும் இடத்தில் கடிவாளத்தைப் பிடிக்கத் தயாராக நிற்க வேண்டும். இங்கிலாந்துச் சாலையில் மனிதன் ஓடுவது பழைய காலத்துப் பகட்டு என்று கைவிடப்பட்ட பிறகு, மவுண்ட் ரோட்டில் அது அன்றாட நடைமுறையாக இருந்தது. அங்கே அந்த இடத்துக்கு நாய் வந்தது. இங்கே மனிதனே போதும் என்று இருந்தது. நாயை உலவக் கூட்டிப்போன பையனோ நாயின் ஓட்டத்துக்குத் தன் கால்களைக் கொடுத்தான். அவன் செய்ததை யாரும் உடற்பயிற்சி என்று சொல்லவில்லை. நாய்க்குத்தான் உடற்பயிற்சி, அவனுக்கு அது கூலி.

இந்தப் பையன்களின் பெயர்கள் கடிதங்களில் இல்லை. எந்த மிருகவதைத் தடுப்புச் சட்டத்திலும் அவர்களுக்கு இடமில்லை.

5

சாரட்டு போய் மோட்டார் வந்தது. அமெரிக்காவில் தீயணைப்பு வண்டிக் குதிரைகளோடு டால்மேஷியன்கள் ஓடிக்கொண்டிருந்தன. நியூயார்க் நகரம் 1922இல் கடைசிக் குதிரை வண்டியையும் நிறுத்தியது. வேலை முடிந்தது. உடம்பு என்ன ஆவது?

1940இல் கீலர், டிரிம்பிள் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மரபியல் இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை எழுதினார்கள். டால்மேஷியன்களைக் கோச்சு ஓட்டத்துக்குப் பழக்கிய ஒரு பண்ணையின் பதிவுகளை வைத்து, வண்டிக்குக் கீழே எந்த இடத்தில் ஓடுவது என்பதில் நாய்களுக்குள்ள நாட்டம் மரபில் வருகிறதா என்று பார்த்தார்கள். குதிரையின் பின்னங்கால்களுக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு 'நல்ல' இடம். பின்தங்கினால் 'கெட்ட' இடம். நல்ல இடத்தில் ஓடியவற்றின் குட்டிகள் நல்ல இடத்திலேயே ஓடும் போக்கு தெரிகிறது என்பது அவர்கள் முடிவு. பள்ளிக்கூடமும் பாசறையும் உடம்பைப் பழக்கும் விதம் பற்றி ஃபூக்கோ எழுதினார். இங்கே அது ஒரு படி தாண்டிப் போகிறது. எஜமானனின் சக்கரத்தருகே தன் இடம் எது என்பதைப் பிறப்பிலேயே தேடிப் பார்க்கிறார்கள். பிறப்பால் இடம் என்றால் என்னவென்று நமக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அந்த உடம்பு கொடுத்த விலை என்ன? அமெரிக்க டால்மேஷியன்களில் நூற்றுக்குச் சுமார் 30 நாய்களுக்கு ஒரு காதிலோ இரண்டு காதிலுமோ கேட்காது. தூய இனம் என்று சொல்லப்படும் டால்மேஷியன் எல்லாவற்றுக்கும் யூரிக் அமிலக் கோளாறு உண்டு, அதனால் சிறுநீரில் கல் விழக்கூடும். புள்ளி தெளிவாக விழ வேண்டும் என்று பொறுக்கிப் பொறுக்கி இனவிருத்தி செய்ததில் இந்தக் கோளாறும் கூடவே நிலைத்துவிட்டது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1973இல் அமெரிக்க மரபியலாளர் ராபர்ட் ஷைபிள் ஒரே ஒரு பாயிண்டர் நாயோடு கலப்பு செய்து, அதன் சந்ததியை மறுபடி மறுபடி டால்மேஷியன்களோடு சேர்த்து, கோளாறு இல்லாத நாய்களை உருவாக்கினார். 1981இல் அமெரிக்கக் கென்னல் கிளப் அவற்றில் இரண்டைப் பதிவு செய்தது. உடனே டால்மேஷியன் வளர்ப்போரிடமிருந்து எதிர்ப்பு கிளம்பியது. ரத்தம் கலந்துவிட்டதாம். பதிவு நின்றது. பிழை எந்த மரபணுவில் என்று 2008இல் கண்டுபிடித்த பிறகும், கதவு திறக்க 2011 ஆனது. ஒரு பாயிண்டர் தாத்தாவின் தீட்டு கழிய முப்பது வருஷம். அதுவரை நாய்கள் கல்லோடு கிடந்தன.

6

சைக்கிளுக்கு வருவோம். 1899இல் ஜெர்மனியில் மேக்ஸ் வான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற முன்னாள் குதிரைப்படை அதிகாரி ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்களுக்கான சங்கத்தைத் தொடங்கினார். மேய்ச்சல் தொழில் சுருங்கிக்கொண்டிருந்த காலம் அது. ஆட்டுக்கிடையில் வேலை இல்லையென்றால் போலீஸிலும் ராணுவத்திலும் வேலை தேடித்தரலாம் என்று அவர் முனைந்தார். தேடியும் தந்தார். அந்த வேலை எங்கே போய் முடிந்தது என்பதை நாஜி முகாம்களின் வேலிகள் சொல்லும்.

அந்த மரபிலிருந்து இன்றும் தொடர்கிற ஒரு தேர்வு உண்டு. நாய் சைக்கிளுக்குப் பக்கத்தில், மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் வேகத்தில், 20 கிலோமீட்டர் ஓட வேண்டும். நடுவில் ஓய்வு கொடுத்து, பாதம் தேய்ந்திருக்கிறதா, துவண்டுவிட்டதா என்று நடுவர் பார்ப்பார். இதில் தேறினால்தான் இனவிருத்திக்கான தரச் சான்றிதழை நோக்கிப் போக முடியும். டால்மேஷியன் சங்கங்களும் குதிரைச் சவாரிக்குப் பின்னால் 12.5 மைல், 25 மைல் என்று ஓட்டச் சோதனை வைக்கின்றன. ஆடு இல்லை, சாரட்டு இல்லை. ஆனால் இல்லாத வேலைக்குத் தகுதித் தேர்வு மட்டும் நடந்துகொண்டிருக்கிறது.

7

நாய்க்கு ஓடப் பிடிக்குமே ஐயா, இதில் என்ன அரசியல் என்று நண்பர்கள் கேட்பார்கள். பிடிக்கும்தான். நாள் முழுக்க அடுக்குமாடியில் அடைபட்டுக் கிடக்கிற நாய்க்கு, சைக்கிள் பக்கத்தில் ஒரு மணி நேர ஓட்டம் பெரிய விடுதலை. அதை மறுக்க நான் யார்? ஆனால் தன்போக்கில் ஓடுகிற நாயைக் கவனித்துப் பாருங்கள். ஓடும், நிற்கும், கம்பத்தை மோந்து பார்க்கும், திரும்பி வரும், மறுபடி ஓடும். சக்கரத்தோடு கட்டிய நாய்க்கு இது கிடையாது. நமக்குப்போல அதற்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்தாக வேண்டும். தார் ரோடு சுட்டால் செருப்பில்லாத பாதம் வேகும். எலும்பு முற்றாத குட்டிக்கு இது இன்னும் கேடு. மேலே உட்கார்ந்திருப்பவருக்கு இதெல்லாம் தெரிய வேண்டுமென்றால் அவர் திரும்பிப் பார்க்க வேண்டும். மேலே இருப்பவரின் களைப்பு வேறு, கீழே ஓடுவதன் களைப்பு வேறு. சக்கரத்தின் வேலையே அந்த வித்தியாசத்தை மறைப்பதுதான்.

ஆகவே, ஓடவிடுவதா வேண்டாமா என்பதல்ல கேள்வி. வேகத்தை யார் தீர்மானிப்பது, நிற்கும் உரிமை யாருக்கு என்பதுதான். நாயின் வேகத்துக்குத் தன் சைக்கிளைக் குறைத்துக்கொண்டு, அது நின்றால் தானும் காலை ஊன்றி நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நமக்குச் சண்டை இல்லை.

சண்டை கருணையின் பெயரால் வருகிற சட்டங்களோடும் இல்லை. நாய்வண்டி நின்றது நாய்க்கு நல்லதுதான். ஆனால் கருணை பேசுகிற ஒவ்வொரு சட்டத்தையும் ஒரு கேள்வி கேட்டுத்தான் உள்ளே விட வேண்டும். அந்தச் சட்டத்தின் பேரில் சாணை பிடிப்பவரின் வண்டியை நிறுத்திய போலீஸ்காரர், பின்னாலேயே வந்த சாரட்டுக்கு ஒதுங்கி வழிவிட்டிருப்பார். அதற்குக் கீழே ஒரு புள்ளி நாய், நாக்கைத் தொங்கவிட்டபடி, குளம்புக்கு மிக நெருக்கமாக, 'நல்ல' இடத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.