காளத்தி நாயக்கரும் கடல் கடந்து வந்த கும்பினியும்

திருக்காளத்தி என்றவுடன் தமிழர் நெஞ்சில் முதற்கண் எழுவது கண்ணப்ப நாயனாரின் திருவுருவமே. பொன்முகலி ஆற்றங்கரையும், வாயுத்தலத்தின் பெருமையும் அடுத்து நினைவுக்கு வரும். ஆயின், இவ்வூரின் பெயர் நம் நாட்டின் நில வரலாற்றிலும் ஆழப் பதிந்துள்ளது என்பதை நம்மவரில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இக்காலத்தில் அயல்நாட்டில் வீடோ நிலமோ வாங்க விழைவோர், அந்நாட்டிலேயே ஒரு கம்பெனியைப் பதிவு செய்து அதன் பெயரால் வாங்குவது உண்டென்று செய்தித்தாள்களில் படிக்கின்றோம். இது புதுமையன்று. ஒரு கம்பெனியின் பெயரால் அயலார் நம் மண்ணில் நிலம் கொண்ட கதை காளத்தி நாயக்கர் மரபோடு பிணைந்தது. அக்கதையை ஈண்டுச் சுருங்கக் கூறி, அதனின்று நம் சங்கம் கொள்ளத்தக்க பாடத்தையும் சொல்ல விழைகின்றேன்.

இலண்டன் மாநகரில் 1600-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள், எலிசபெத் அரசியார் அளித்த பட்டயத்தால் கிழக்கிந்தியக் கும்பினி தோன்றிற்று. முதற்பட்டயம் 15 ஆண்டுகளுக்கே. கும்பினியார் நாடியது வாணிகம், நிலமன்று. ஆயினும் துணி வாங்கி வைக்கப் பண்டகசாலை வேண்டும். பண்டகசாலைக்கு மனை வேண்டும். மனைக்குக் காவல் வேண்டும். 1611-இல் மசூலிப்பட்டினத்திலும், 1626-இல் நமக்கு அணித்தேயுள்ள துர்க்கராசப்பட்டினத்திலும் அவர்கள் இடம் பிடித்தனர். ஆங்கிலேயர் ஆர்மகான் என்றழைத்த இவ்விரண்டாம் ஊர், இன்று காளத்தியைப் போன்றே திருப்பதி மாவட்டத்தைச் சார்ந்தது. அங்கே வாணிகம் செழிக்கவில்லை. அதன் தலைவராயிருந்த பிரான்சிஸ் டே என்பார் தெற்கே புதியதோர் இடம் தேடிப் புறப்பட்டார்.

அந்நாளில் விசயநகரப் பேரரசு தன் அந்திப்பொழுதில் இருந்தது. சந்திரகிரியிலும் வேலூரிலும் இருந்து வேங்கடபதிராயர் ஆண்டுவந்தார். கடற்கரைச் சீமை தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர் கையில் இருந்தது. அவர் வந்தவாசியிலும், உடன்பிறந்தாராகிய ஐயப்ப நாயக்கர் பூவிருந்தவல்லியிலும் இருந்தனர். இவர்தம் தந்தையார் தாமர்ல சென்னப்ப நாயக்கர். காளத்தியை ஆண்ட மரபினர்.

1639-இல் நாயக்கர் டே துரைக்கு ஓர் உரிமைப் பத்திரம் வழங்கினார். மதராசுப்பட்டினத்தில் கோட்டை எழுப்பிக் கொள்ளலாம்; நாணயம் அச்சிடலாம்; கும்பினிச் சரக்குக்குச் சுங்கமில்லை; கோட்டை எழுந்து குடியேறியபின் இரண்டு ஆண்டுகள் ஊராட்சி முழுவதும் கும்பினியாருடையது; அதன்பின் துறைமுக வருவாயில் இருவர்க்கும் சரிபாதி. இவையே அதன் சாரம். தம் சீமையில் வாணிகம் பெருக வேண்டும், பாரசீகக் குதிரைகள் வந்திறங்க வேண்டும் என்பது நாயக்கரின் ஆவல். அடுத்த ஆண்டே ஜார்ஜ் கோட்டை எழுந்தது. புதிய ஊருக்குத் தம் தந்தையார் பெயர் வழங்க வேண்டும் என நாயக்கர் குடும்பத்தார் விரும்பினர். அது சென்னப்பட்டினம் ஆயிற்று. இன்று சென்னை என்று நாம் சொல்லுந்தோறும் காளத்தி மரபினர் ஒருவரையே சொல்லுகின்றோம்.

அதன்பின் நிகழ்ந்தவற்றை நோக்குக. 1642-இல் வேங்கடபதிராயர் மறைந்தார். 1645-இல் ஸ்ரீரங்கராயர் அவ்வுரிமையை உறுதிப்படுத்தினார். மறு ஆண்டே சந்திரகிரி கோல்கொண்டாப் படையிடம் வீழ்ந்தது. 1672-இல் கும்பினியார் கோல்கொண்டா அதிகாரியோடு உடன்படிக்கை செய்து, ஆண்டுக்கு 1200 வராகன் என்று குத்தகையை நிலைப்படுத்திக் கொண்டனர். 1687-இல் கோல்கொண்டாவும் மொகலாயர் கையில் வீழ்ந்தது. கும்பினியார் புதிய தலைவரை வணங்கி, 1693-இல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை ஆகிய ஊர்களையும் பெற்றனர். இதற்கிடையே 1690-இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் கோட்டையைச் செஞ்சி மராட்டியரிடம் விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எட்டும் தொலைவளவும் நிலம் தமதே என்பது பேச்சு. அவ்வாறு அடங்கிய ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. எல்லைக்கல் நாட்டி நிலம் அளந்த நாட்டில், குண்டு சுட்டு அளந்த வியப்பை என்னென்பது!

நிலம் கொடுத்த அரசர் அனைவரும் மாய்ந்தனர். வாங்கியவர் மட்டும் மாயவில்லை. ஏன்? வாங்கியவர் ஒரு மனிதர் அல்லர். டே துரை தம் பெயரால் வாங்கியிருப்பின் அவரோடு அவ்வுரிமை ஒழிந்திருக்கும். அன்றி வாரிசுகளிடையே வழக்காகியிருக்கும். அவர் வாங்கியதோ கும்பினியின் பொருட்டு. கும்பினிக்கு மூப்பில்லை, சாக்காடில்லை, பங்காளிச் சண்டையில்லை. 1858-இல் ஆட்சி அதன் கையை விட்டு நீங்கி, 1874-இல் அது கலைக்கப்படும் வரை 270 ஆண்டுகளுக்கு மேல் அப்பெயர் நின்றது. நாயக்கர் ஒரு மனிதரோடு பேசினார். ஆனால் இறவாத ஒன்றுக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்.

இறவாத உரிமையாளர் என்னும் கருத்தை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். திருக்கோயில் நிலம் அர்ச்சகர் பெயரிலோ அறங்காவலர் பெயரிலோ இல்லை. இறைவன் பெயரிலேயே உள்ளது. சந்திர சூரியர் உள்ளளவும் என்று கல்லில் வெட்டிய கருத்தும் அதுவே. கடல் கடந்தும் தமிழர் இம்முறையைக் கையாண்டனர். இன்றைய தாய்லாந்தின் தகுவாபா என்னுமிடத்தில் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அங்கே வெட்டப்பெற்ற அவனிநாரணம் என்னும் குளத்தை, மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினரின் பாதுகாப்பில் விட்டதாக அது கூறுகின்றது. தனியொருவரிடம் ஒப்படைத்திலர், குழுவிடம் ஒப்படைத்தனர்.

ஆயினும் பத்திரம் ஒன்றே போதும் என்று கருதுதலும் பிழையாகும். பர்மாவில் நம் நகரத்தார் பெருமக்கள் விலாசமிட்ட கடைகள் வைத்துக் கடன் கொடுத்து வாங்கினர். 1930-இல் நெல்விலை வீழ்ந்தது. கடனுக்கு ஈடாக நிலம் வந்து சேர்ந்தது. கீழ்ப்பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில், 1930-இல் நூற்றுக்கு 6 பங்காயிருந்த அவர்தம் நிலம் 1938-க்குள் 25 பங்காயிற்று. அவர்கள் விரும்பித் தேடிய நிலமன்று அது. எனினும் நிலமிழந்த உழவரின் மனம் கசந்தது. 1942-இல் ஜப்பானியர் புகவும் நம்மவர் பலர் கால்நடையாகவே தாயகம் திரும்பினர். 1948-இல் பர்மிய அரசு நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றிற்று. பத்திரங்கள் பெட்டியில் இருந்தன. நிலம் கையில் இல்லை. உள்ளூர் மக்களின் உவப்பில்லாத உடைமை நிலையாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இன்றைய அரசுகள் இவ்விரு பாடங்களையும் கற்றுள்ளன. இலங்கையில் 2014-ஆம் ஆண்டுச் சட்டம், அயலார் பங்கு பாதியோ அதற்கு மேலோ உள்ள கம்பெனிக்கு நிலம் மாற்றுவதைப் பொதுவாகத் தடுக்கின்றது. தாய்லாந்தில் பெயரளவில் உள்ளூராரைப் பங்குதாரராக்கி நிலம் வாங்குதல் குற்றமாகும். கும்பினிக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று நம் நாயக்கர் கேளாத கேள்வியை, இன்றைய சட்டங்கள் முதற்கண் கேட்கின்றன.

இனி நம் வீட்டுச் செய்திக்கு வருவோம். இரயில்வே எழுத்தனாகிய யான் மாற்றலாகி ஊர் ஊராய்ச் சென்றவன். முன்னர்ப் பணியாற்றியதோர் ஊரில் தமிழன்பர்கள் ஒன்றுகூடிப் படிப்பகம் ஒன்று நடத்தினர். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சிறுமனை ஒன்றும் வாங்கினோம். சங்கத்தைப் பதிவு செய்யச் சோம்பி, நல்லவர் ஒருவர் பெயரில் பத்திரம் முடித்தோம். அவர் உண்மையில் நல்லவரே. ஆனால் அவர் காலமானபின், பிள்ளைகளுக்கு அது தந்தையின் மனையாகவே தோன்றிற்று. விற்றுவிட்டனர். நூல்களை மூட்டையாகக் கட்டி ஓர் அன்பர் வீட்டுத் திண்ணையில் வைத்தோம். அடுத்த மழையில் அவையும் நனைந்து அழிந்தன. எவரையும் யான் குறைகூறேன், குற்றம் எம்முடையதே.

நம் சங்கத்திற்கும் சொந்த இடம் வேண்டும் என்ற பேச்சு இப்போது எழுந்துள்ளது. பதிவெல்லாம் பின்னர்ப் பார்க்கலாம், இப்போதைக்கு ஒருவர் பெயரில் வாங்கிவிடுவோம் என்பார் சிலர். அன்பர்களே, அது வேண்டா. ஆந்திரப் பிரதேசச் சங்கங்கள் பதிவுச் சட்டம் 2001-இன்படிச் சங்கத்தை முறையாகப் பதிவு செய்து, சங்கத்தின் பெயராலேயே வாங்குவோம். ஓராண்டு தாழ்ப்பினும் தாழ்க்கட்டும். அவ்விடத்தில் அமையும் படிப்பகத்தில் தெலுங்கு நூல்களுக்கும் ஓர் அலமாரி இருக்கட்டும். அதன் கதவு இவ்வூரார் எல்லோர்க்கும் திறந்திருக்கட்டும். நமக்கு இடமளித்து வாழவைத்த ஊர் இது. நாம் மாற்றலாகிச் சென்றபின்னும், நம் காலம் முடிந்தபின்னும், அக்கதவு திறந்தே இருக்க வேண்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!