காப்பும் காவலும்

"மூன்று பேருக்கு 'காப்பு'." பேப்பர்ல இப்படித் தலைப்பு பார்த்திருப்பீங்க. கைதாகிட்டாங்கன்னு அர்த்தம். காப்புன்னா பாதுகாப்புதானே, அது எப்படி விலங்காச்சுன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு குடைச்சல்.

வேர்ச்சொல் 'கா'. காவல், காப்பு, காவலன் எல்லாம் அதிலிருந்து வந்ததுதான். சங்கப் பாட்டுல காவலன்னா அரசன். நூல் தொடங்குமுன் தெய்வத்தை வேண்டிப் பாடுவது காப்புச் செய்யுள். குழந்தை கையில் போடுற வளையமும் காப்பு. திருவிழாவுக்குக் காப்புக் கட்டிட்டா ஊர் எல்லையைத் தாண்டக் கூடாதும்பாங்க. கவனிச்சீங்களா? காக்கிற கயிறே கட்டியும் போடுது!

சோழர் கல்வெட்டுகள்ல 'பாடிகாவல்'னு ஒரு வரி வரும். பாடின்னா ஊர், ஊரைக் காப்பதற்கான வரி. பிற்காலத்துல மதுரை, நெல்லைப் பக்கம் ஊர்க்காவல் சில சமூகங்களின் பரம்பரை உரிமை. விளைச்சல்ல ஒரு பங்கு காவல்கூலி. களவு போனா காவல்காரரே மீட்டுத் தரணும், இல்லேன்னா ஈடு கட்டணும். காவல் வைக்காத ஊர்ல மாடு காணாமல் போகும், துப்புக்கூலி கொடுத்தாத்தான் திரும்பும்னு புகாரும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆங்கிலேய அரசு 1859இல் சென்னை மாகாணத்துக்குப் போலீஸ் சட்டம் கொண்டுவந்தது. சம்பளப் போலீஸ் வந்ததும், பழைய காவல் அரசாங்கத்தின் கண்ணுக்குக் குற்றமாத் தெரிஞ்சது. 1871இல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் இங்கேயும் வந்தது. காவல் பார்த்த பிரமலைக் கள்ளர்கள் அதில் சிக்கினாங்க. கைரேகை பதியணும், ராத்திரி கச்சேரியில் போய்ப் படுக்கணும், வெளியூர் போகச் சீட்டு வாங்கணும். பிறந்த குலமே குற்றம்! 1920 ஏப்ரல் 3 அன்று, ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மேல் போலீஸ் சுட்டதுல 16 பேர் செத்தாங்க. சென்னை மாகாணத்துல சட்டம் ஒழிஞ்சது 1947இல்தான்.

ஊருக்குக் காவல் இருந்தவங்களையே காவல்ல வச்சாங்க. சொல் என்னவோ அதேதான். யார் யாரை, யாருக்காகக் காக்கிறாங்க என்பதுதான் மாறிடுச்சு. இன்னிக்கும் 'காவல்துறை', 'காவலில் வைப்பு' ரெண்டுமே அந்த ஒரே 'கா'வுலதான் நிக்குது. அடுத்த தடவை பேப்பர்ல 'காப்பு'ன்னு படிச்சா, சிரிக்கிறதுக்கு முன்னாடி பெருங்காமநல்லூரையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க மக்கா.